சுவரில் ஒரு தோட்டம்: டமாஸ்கஸ் அறையை முன்வைத்து

இல்லத்தின் வரவேற்பறைக்கென்று ஓவியரிடம் சொல்லிப் பெரிய அளவில் ஓவியம் வரையச் செய்யும் விருப்பம் நம்மவரிடையேயும் காணப்படுகிறது. மனித உருவமும் விலங்குருவமும் தவிர்க்கத்தக்கவை என்பதால், பூவும் இலையும் கொண்ட தைல வண்ண ஓவியம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அனுமதிக்கப்பட்டதையே தேர்ந்தோம் என்ற நிறைவோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. அது அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

அனுமதியின் மூலம் தெளிவானது. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அணுகியபோது, வரைந்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டின் ஒரு பகுதியில் தொங்கவிட்டிருந்த சித்திரத் திரையை அகற்றுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதன் சித்திரங்கள் தொழுகையில் குறுக்கிட்டன என்பதே காரணம். முதற்செய்தி எதை வரையலாம் என்பதைச் சொல்கிறது. இரண்டாவதோ, வரைந்தது பார்ப்பவர் உள்ளத்தை என்ன செய்கிறது என்று நம்மைக் கேட்க வைக்கிறது. நாம் மறந்தது இரண்டாவதைத்தான்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள டமாஸ்கஸ் அறை இக்கேள்வியோடு காணத்தக்கது. உஸ்மானிய ஆட்சிக்கால டமாஸ்கஸில், ஹிஜ்ரி 1119இல் (கி.பி. 1707) செல்வர் ஒருவரின் இல்லத்தில் விருந்தினரை வரவேற்க அமைக்கப்பட்ட அறை அது. மரப்பலகைகளின்மேல் ஜிப்சமும் பசையும் கலந்த குழம்பால் சித்திரங்களை மேடாக எழுப்பி, பொன் தகடும் வெள்ளீயத் தகடும் பதித்து, வண்ணம் தீட்டும் ‘அஜமீ’ முறையில் அதன் சுவர்கள் உருவாயின. மலர்ச் சாடிகளும் கனி நிறைந்த தட்டுகளும் சுவரெங்கும் உள்ளன. ஆனால் எந்தப் பூவும் தனித்து நின்று தன்னைப் பார்க்கச் சொல்வதில்லை. உயர்த்தப்பட்ட தளத்தில் அமர்ந்திருக்கும் விருந்தினரைச் சூழ்ந்து, முன்னால் வைக்கப்படும் உணவின் தொடர்ச்சிபோல் அவை நிற்கின்றன. மேலே ஓடும் அரபுக் கவிதை வரிகள் தோட்ட உவமைகளில் தொடங்கி, நபிகளாரைப் புகழ்ந்து, இல்லத்தையும் அதன் உரிமையாளரையும் வாழ்த்துகின்றன. அவ்வாழ்த்தில் உரிமையாளரின் பெயர் இல்லை. வரையச் செய்தவர் மறைய, வரவேற்பு மட்டும் எஞ்சியிருக்கிறது.

இதைக் கொண்டு பழமையை எளிமையின் பொற்காலமாக்கிவிட நாம் முனையவில்லை. அந்த அறையும் செல்வத்தின் வெளிப்பாடே. இஸ்தான்புலின் தோப்காப்பி அரண்மனையில் மூன்றாம் அஹ்மத் 1705இல் அமைத்த ‘பழ அறை’யும் மலர்ச் சாடிகளாலும் கனித் தட்டுகளாலும் நிறைந்ததுதான். அவருடைய ஆட்சியின் ஆடம்பரத்தின்மீது மக்களுக்கிருந்த கசப்பும் சேர்ந்தே 1730இன் பத்ரோனா ஹலீல் கிளர்ச்சி மூண்டது. அவர் அரியணை இழந்தார். மலர் வரைந்ததனால் மட்டும் ஒரு சுவர் குற்றமற்றதாகிவிடாது.

இன்றைய பெருமலர் ஓவியத்தின் மரபு வேறு. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப், எலிசபெத் ஆர்டனின் நியூயார்க் அழகு நிலையத்திற்காக 1936இல் வரைந்து தந்த ஓவியத்தில், நாம் வேலியோரம் கண்டு கடந்துபோகும் ஊமத்தையின் இனத்துப் பூக்கள் நான்கு, ஏறத்தாழ 178 செ.மீ. உயரமும் 212 செ.மீ. அகலமும் கொண்ட திரையை நிறைக்கின்றன. யாரும் நின்று பார்க்காத சிறு பூவைப் பெரிதாக்கியேனும் நகரத்தாரை நின்று பார்க்க வைப்பது அவர் நோக்கம். அந்த உருப்பெருக்கத்திற்கு ஒரு காரணம் இருந்தது. சோபாவின் நிறத்திற்குப் பொருந்த வரையச் சொல்லும்போது அளவு மட்டும் எஞ்சி, காரணம் உதிர்ந்துவிடுகிறது. பிறகு அப்பூ பூவைக் காட்டுவதில்லை. வாங்கியவரின் வசதியைக் காட்டுகிறது. ஜஹாங்கீருக்காக உஸ்தாத் மன்சூர் காஷ்மீரத்து மலர்களை நூற்றுக்கும் மேல் வரைந்தார் என்று அம்மன்னரே எழுதியிருக்கிறார். அலிகரில் காக்கப்படும் மன்சூரின் செந்நிறத் துலிப் ஏட்டளவே ஆனது. பேரரசர் ஒருவருக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது.

ஆகவே ஓவியரை அழைப்போர் முதலில் சுவரை அளக்க வேண்டாம். விருந்தினர் எங்கே அமர்வார், அவர் கண் எவ்வுயரத்தில் இருக்கும் என்பதை அளக்கட்டும். வண்ண அட்டையைக் காட்டுவதற்குப் பதிலாகத் தம் மண்ணில் வளரும் செடி ஒன்றைக் கொண்டுவந்து காட்டட்டும். தொழும் திசையிலுள்ள சுவரை வெறுமையாகவே விட்டுவைக்கட்டும். அவசரமும் வேண்டாம். தைல வண்ணம் உள்ளூர உலர்ந்து மேற்பூச்சு ஏற்கப் பல மாதங்கள் ஆகும். டமாஸ்கஸ் அறையைக் காக்க எண்ணி அவ்வப்போது பூசப்பட்ட மெருகே காலப்போக்கில் கறுத்து, அதன் ஒளிரும் வண்ணங்களை மூடியது. இன்று அதன் மங்கலான பழுப்பைக் கண்டு வியப்போர், முதல் விருந்தினர் கண்ட தோட்டத்தைக் காண்பதில்லை.