தட்டில் முளைக்கும் மண்

சிட்டிகை மண்ணை நீரில் கரைத்து, பலமுறை நீர்க்கச் செய்து, அகார் தட்டில் தடவி மூடிவைத்தால் ஓரிரு நாளில் பாக்டீரியாக் கூட்டங்கள் தலைகாட்டும். என் கண் முதலில் தேடுவது பாசில்லஸ் மைக்காய்டிஸை. வட்டமாக அடங்கி வளர்வது அதற்குப் பழக்கமில்லை. இழை இழையாய்க் கிளைத்துச் சுருண்டோடும். சில இடம்புரி, சில வலம்புரி! நுண்ணோக்கியில் பார்த்தால், கோல் வடிவச் செல்கள் முனையோடு முனை ஒட்டிய நீண்ட சங்கிலி. இழையோட்டத்தின் காரணம் அங்கே தெரியும்.

இன்னொரு மண் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பொறுமைசாலிகளுக்கானது. மெதுவாக வளரும், மேலே சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் வித்துகள், கம்பியால் நெம்பினாலும் அகாரை விடாத பிடிவாதம். மழை நனைத்த மண்ணின் வாசனைப் பொருளான ஜியோஸ்மினைத் தருவதும் இதுவே.

வழவழப்பான வெள்ளை வட்டங்கள்தான் தொல்லை. கிராம் சாயமிட்டும் பெயர் பிடிபடாது. அவற்றை டிஎன்ஏ பார்ப்பவர்களிடம் தள்ளிவிடலாம்.