நுண்ணோக்கி வரைபடங்களில் சான்றும் நகலும்: தேசிகாச்சாரியின் ‘சயனோஃபைட்டா’வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நுண்ணோக்கியின்வழிக் கண்ட உயிரியின் வரைபடம் நூலுக்கு அழகூட்டும் இணைப்பன்று. அதுவே ஆய்வுச் சான்று. எனவே, உயிரியை நேரில் கண்டு வரைந்த படத்தையும் மற்றொரு படத்தைப் பார்த்து வரைந்த படத்தையும் வேறுபடுத்தி வாசிக்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பாசியியல், அறிவியல் வரைபடம், நுண்ணோக்கி, மீஞ்சூர்.

முன்னுரை

மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் ஊடுருவி நிலத்தடிநீர் உவர்ப்பாகியிருப்பது பலரும் அறிந்ததே. நீரின் உப்புத்தன்மை மாறினால் அதில் வாழும் பாசியினங்களும் மாறும். அம்மாற்றத்தை அளவிட, முன்பு எந்தப் பாசி இருந்தது என்பதற்கு நம்பத்தக்க பதிவு தேவை. அப்பதிவு பெரும்பாலும் வரைபடமாகவே நமக்குக் கிடைக்கிறது.

வரைபடம் சான்றாதல்

உயர் உருப்பெருக்கத்தில் எடுக்கும் ஒளிப்படத்தில் ஒரு தளம் மட்டுமே தெளிவாக விழும். வரைபவரோ நுண்திருகைத் திருப்பி மேலும் கீழுமாகப் பல தளங்களைக் கண்டு, அவற்றை ஒரே படத்தில் இணைக்கிறார். கேமரா லூசிடா என்னும் கருவி உயிரியின் பிம்பத்தையும் வரைதாளையும் ஒருசேரக் காட்டி அளவு பிறழாமல் காக்கிறது. எதை வரைவது, எதை விடுவது என்னும் முடிவு மட்டும் வரைபவருடையது.

எம். ஓ. பி. ஐயங்கார் 1932இல் ஃபிரிட்சியெல்லா என்னும் புதிய பாசிப் பேரினத்தை அறிவித்தார். மண்ணில் படர்ந்த பகுதி, நிமிர்ந்த கிளைகள், வேரிழை ஆகியவற்றின் உறவை விளக்க அவர் படங்களையே துணைக்கொண்டார். மாதிரியைப் பாதுகாப்பது கடினமாயின், நுண்பாசியின் பெயருக்குரிய மூலச்சான்றாக வரைபடத்தையே கொள்ளலாம் எனத் தாவரப் பெயரீட்டு விதிகளும் இடமளிக்கின்றன.

நகலின் சிக்கல்

டி. வி. தேசிகாச்சாரியின் ‘சயனோஃபைட்டா’ (1959) சிதறிக் கிடந்த நீலப்பச்சைப் பாசி ஆய்வுகளை இந்திய மாணவர் கைக்கு ஒரே நூலாகக் கொணர்ந்தது. அதிலுள்ள படங்கள் பல பிற அறிஞரின் படங்களைத் தழுவியவை; நூலாசிரியர் அதனை மறைக்கவில்லை, இன்னாரைத் தழுவியது எனக் குறித்துள்ளார். குறை அக்குறிப்பைக் கடந்து செல்லும் வாசிப்பில் உள்ளது. உறையின் தடிப்பு, குறுக்குச்சுவரருகே உள்ள ஒடுக்கம் போன்றவையே இனத்தைப் பிரித்துக் காட்டுவன. உயிரியைக் காணாத கை படியெடுக்கும்போது நழுவக்கூடியவையும் அவையே.

இப்பழக்கம் வகுப்பறையில் தொடங்குகிறது. கட்டுரையாளரின் இளநிலைத் தாவரவியல் வகுப்பில், கண்ணாடித் தகட்டைப் பார்ப்பதற்கு முன்பே பாடநூற்படம் செய்முறைப் பதிவேட்டில் ஏறிவிடும். மதிப்பெண் தூய்மைக்குக் கிடைக்கும். ‘400 மடங்கு’ என்னும் குறிப்பும் ஐயமின்றிப் படியெடுக்கப்பட்டது. அச்சில் படம் சுருங்கினால் அவ்வெண் பொய்யாகிவிடும். படத்தோடு சேர்ந்து சுருங்கும் அளவுக்கோடு பொய்க்காது என்பது அங்குக் கற்பிக்கப்படவில்லை.

முடிவுரை

ஒவ்வொரு வரைபடமும் இடம், நாள், அளவுக்கோடு, வரைந்தவர் பெயர் ஆகியவற்றோடு, நேரில் கண்டதா நகலா என்பதையும் கூற வேண்டும். மீஞ்சூர்க் குளத்துப் பாசியை மாணவர் ஒருவர் இன்று கோணலாக வரைந்தாலும், கண்டதை வரைந்திருப்பின் அது நாளைய ஆய்வாளருக்குச் சான்றாகும். நேர்த்தியான நகலால் அப்பயன் இல்லை.