சங்கு ஊதும் நேரமும் திரை ஏறும் நேரமும்

சென்னையில் நாடக விழா பற்றிப் பேச்சு எழுந்தால் இப்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்து விழுகின்றன. திருச்சூர் சர்வதேச நாடக விழாவுக்கு வாய்ப்பதுபோல் நாடகங்களைத் தேர்ந்து கோக்கத் தெரிந்த கலை இயக்குநர் ஒருவர் தமிழுக்கு வாய்க்கவில்லை என்பது ஒன்று. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நல்ல கலையை இனிமேலாவது கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது ஏக்கம், இரண்டாவது கருணை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் பிழை ஒன்றேதான். விழா இயக்குநரின் வேலை நாடகங்களைத் தேர்வதோடு முடிந்துவிடுகிறது என்ற நினைப்பு அது. எங்கே, எந்த நேரத்தில், யார் முன்னால் என்ற மூன்றையும் தீர்மானிப்பவர்தான் இயக்குநர் என்று வைத்துக்கொண்டால், தமிழில் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். நாம்தான் அவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வடசென்னைக்கு மேடை புதிதல்ல. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் சங்கிலி நாச்சியாருக்குச் சுந்தரர் மகிழ மரத்தடியில் செய்து கொடுத்த சத்தியம் மாசித் திருவிழாவில் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகிறது. வால்டாக்ஸ் சாலை ஒத்தவாடைக் கொட்டகையில் கன்னையா கம்பெனியின் தசாவதாரத்துக்கு நகரமே திரண்டது. ஜார்ஜ் டவுனில் பிறந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் இந்தப் பக்கத்தில்தான். வக்கீல்களையும் பட்டதாரிகளையும் அரிதாரம் பூச வைத்து, நாடகக்காரன் என்ற சொல்லில் ஒட்டியிருந்த இளக்காரத்தைத் துடைத்தவர் அவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அந்தச் சபையின் நடையையும் கவனிக்க வேண்டும். விக்டோரியா பொதுக்கூடத்திலிருந்து 1930களில் அது மவுண்ட் ரோட்டுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு வந்த சபாக்கள் மயிலாப்பூர், தியாகராய நகர் என்று இன்னும் தெற்கே போயின. வடசென்னையில் மேடை இல்லாமல் இருந்ததில்லை, இருந்த மேடை இடம் பெயர்ந்தது. இன்று கலையைக் 'கொண்டு போகிறோம்' என்பவர்கள் எதை யாரிடமிருந்து எடுத்து வந்தோம் என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது.

திராவிட இயக்கக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம், அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். 1949இல் தி.மு.க. தொடங்கப்பட்டது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அந்த மேடைகளிலிருந்து நாடகத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. எம்.ஆர். ராதாவை அடக்க நினைத்த அரசு 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதென்று தீர்ப்புப் பெற 2013 வரை ஆனது. வழக்குப் போட்டவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. நவீன நாடகத்தின் கதை வேறு திசையில் போனது. காந்திகிராமத்தில் ராமானுஜத்தின் பயிற்சி, 1977இல் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, மறு ஆண்டு பரீக்‌ஷா, 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை என்று சில ஆண்டுகளுக்குள் எல்லாம் நடந்தேறின. புரிசைக் கூத்தை நகர்ப்புற வாசகன் மதிக்கும்படி செய்த முத்துசாமியின் பங்கு பெரியது. இருந்தாலும் கூத்து விடிய விடிய நடப்பதையும், பார்ப்பவன் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே பார்ப்பதையும் விட்டுவிட்டு, அதன் அடவையும் குரலையும் மட்டும் பட்டணத்துக்குக் கொண்டுவந்த பட்டறை அது. அதனால் கிடைத்தது நேர்த்தியான நடிகர்கள், கைவிட்டுப் போனது கூட்டம்.

அந்தக் கூட்டத்தைத் தேடிப் போனவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பிரளயன். திருவண்ணாமலைக்காரர், 1984இல் தொடங்கிய சென்னைக் கலைக்குழுவின் இயக்குநர். 'அன்பே சிவம்' படத்தில் வரும் வீதி நாடகத்தை வைத்து அவரை அறிந்தவர்களே அதிகம் என்பது நம் விமர்சனத்தின் தரத்துக்கு ஒரு சான்று. வீதி நாடகம் என்ற வடிவம் எதைக் கோருகிறது என்று பாருங்கள். அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என்று ஆலைகள் வரிசைகட்டிய ஒரு பகுதியில் மத்தியான ஷிப்ட் இரண்டுக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும். சங்கு ஊதி ஒரு ஷிப்ட் வெளியே வர, அடுத்தது உள்ளே போகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் வாயிற்கூட்டத்துக்குக் கிடைக்கும் நேரம். திரை இல்லை, விளக்கு இல்லை, ஒலிபெருக்கியை நம்ப முடியாது. பறையைத் தட்டினால் வட்டம் கூட வேண்டும். சைக்கிளைப் பிடித்தபடி நிற்பவன் கிளம்புவதற்குள் கதை அவனைப் பிடித்தாக வேண்டும். சப்தர் ஹாஷ்மியின் ஜனநாட்டிய மஞ்ச் 1978இல் போட்ட 'மெஷின்' பதின்மூன்று நிமிடம்தான் ஓடியது. அது சோம்பலால் வந்த சுருக்கமல்ல, பார்ப்பவனின் நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. இந்த அளவெடுப்பைக் கலைத் தேர்வாக நாம் மதிப்பதில்லை, அரசியல் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

அதே காலத்தில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் நடத்திய கலை இலக்கிய இரவுகள் எழுந்தன. பாட்டு, பட்டிமன்றம், நாடகம், கவிதை எல்லாம் ஒரே மேடையில் விடியும்வரை நடக்கும், அனுமதிச்சீட்டு கிடையாது. எதை நள்ளிரவுக்கு முன் வைப்பது, தூக்கம் கண்ணைச் செருகும் மூன்று மணிக்கு எதை வைப்பது என்று தீர்மானித்தவர்கள் செய்தது விழா இயக்கம் இல்லாமல் வேறென்ன? அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் 'கலை இயக்குநர்' என்று போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 90களில் அ. மங்கை 'மௌனக்குரல்' வழியாக நடத்திய குலவை விழாக்களை இதன் அடுத்த கண்ணியாகச் சொல்வேன். பெண்கள் செய்யும் நாடகத்துக்கென்று தனி விழா என்ற தேர்வே ஒரு வாதம். இன்குலாபின் 'ஔவை'யை மேடையேற்றியவர், நாடகத்தில் பாலினம் பற்றி ஒரு முழு நூல் எழுதியவர் அவர். செய்வதும் தேர்வதும் எழுதுவதும் அவரிடம் ஒன்றாக ஓடின. அந்தப் பத்தாண்டின் மறுபக்கம் எரிச்சலூட்டுவது. தொண்டு நிறுவனப் பணம் வந்ததும் வீதி நாடகம் எய்ட்ஸ் விழிப்புணர்வு, சிறுசேமிப்பு, சுகாதாரம் என்று துறைவாரியாகக் கூலிக்குப் போனது. ஆலைவாயிலில் கேள்வி கேட்ட வடிவம், பஞ்சாயத்து அலுவலக வாசலில் அறிவுரை சொல்லத் தொடங்கியது.

'இதெல்லாம் பிரச்சாரம், இதில் கலை எங்கே?' என்பார்கள். பலவீனமான வீதி நாடகங்கள் மலிந்திருந்தன, மறுக்க முடியாது. சபா நாடகத்திலும் நவீன நாடகத்திலும் பலவீனமானவை குறைவா என்ன? பிரளயன் வீதியோடு நின்றுவிடவில்லை. சங்க இலக்கியத்துப் பாரியை எடுத்துக்கொண்டு 'பாரி படுகளம்', சிலம்பை எடுத்துக்கொண்டு 'வஞ்சியர் காண்டம்' என்று அவர் மேடைக்கு வந்தபோது, வட்டத்தில் கற்ற சிக்கனமும் கூட்டுக்குரலும் கூடவே வந்தன. வடசென்னைக்காரனுக்குக் கானாவும் சினிமாவும் போதும் என்ற வாதம் இதைவிட மோசம். அவன் முன்னால் வைக்காததை அவன் விரும்பவில்லை என்று எப்படித் தெரிந்தது? வடசென்னைக் கானாவையே உயிராகக் கொண்ட கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுகூட 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியைக் கீழ்ப்பாக்கத்தில்தான் நடத்தியது. குற்றம் சொல்லவில்லை, கிடைக்கும் மைதானம்தான் கிடைக்கும். ஆனால் அந்த மைதானம் எந்தப் பக்கம் கிடைக்கிறது என்பது தற்செயல் அல்ல.

அரசுப் பணமும் பெரிய அரங்கமும் இல்லாமல் விழா சாத்தியமா என்ற கேள்வி நியாயமானது. 1947இல் அவிஞ்ஞோன் விழாவைத் தொடங்கிய ழான் விலார், 1951இல் பிரான்சின் தேசிய மக்கள் நாடக அரங்குக்குப் பொறுப்பேற்றதும் முதலில் போனது பாரிஸின் தொழிலாளர் புறநகரான சுரேனுக்கு. எளிய ஜனங்கள்தானே என்று எளிய நாடகம் போடவில்லை, கொர்னேயின் 'சித்'தையும் பிரெக்டின் 'மதர் கரேஜ்'ஜையும் போட்டார். நாடகம் தொடங்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினார், வேலை முடிந்து வருபவர்கள் சாப்பிட ஏற்பாடு செய்தார். அவரிடம் அரசுப் பணம் இருந்தது உண்மை. நம்மிடமும் 2007இல் சென்னை சங்கமத்துக்கு இருந்தது, 2023இல் அது திரும்பி வந்தபோதும் இருந்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் கரகத்தையும் தப்பாட்டத்தையும் வைத்தது நல்ல காரியம். ஆனால் பொங்கலை ஒட்டிய சில மாலைகளில், எல்லாப் பேட்டைக்கும் ஒரே மாதிரியாகப் பிரித்துக் கொடுக்கும் விழாவில் பார்வையாளனுக்கென்று தனி முகம் கிடையாது.

காசிமேட்டின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வலை பின்னுவதும் படகு பழுதுபார்ப்பதுமாகப் பகல் போகும், இரவு சும்மா கிடக்கும். சென்னையின் எந்த நாடக விழாவும் அந்த இரவுகளைக் குறிவைத்ததாகச் சொல்ல முடியாது. நம் விழாக்களில் பல மார்கழியையும் பொங்கலையும் விட்டு நகர்வதில்லை. கோடை வெக்கையில் யார் வருவார்கள் என்று கேட்கலாம். கத்திரி வெயிலில் குளிரூட்டப்பட்ட அரங்கைத் தேடுபவர் வரமாட்டார்தான். கடற்காற்றுக்காக எப்படியும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர் வருவார். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. அந்த நெரிசலைக் கணக்கில் கொள்ளாமல் மாலை ஆறரைக்கு நாடகம் என்று அச்சடித்துவிட்டு, எண்ணூர்க்காரர்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது பொறுப்பற்ற வேலை. இரண்டாம் ஷிப்ட் விட்ட பிறகு இரவு பதினொன்றுக்குத் தொடங்கும் ஒரு நாடகத்தை, அந்த நேரத்துக்கென்றே எழுதி, ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளத் துணிகிறவரைத்தான் அடுத்த விழாவுக்கு இயக்குநராகப் போட வேண்டும்.