பொதுக் களஞ்சியத்தில் எடுத்த வித்து

எழுதியவருக்கு அவர் உழைப்பின் பயன் சேர வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. அவ்வுரிமை எத்தனை காலம் நீடிக்கலாம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

1790இல் அமெரிக்க நாட்டின் முதற் பதிப்புரிமைச் சட்டம் 14 ஆண்டுகளே வரையறுத்தது. அக்கால முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள் பெறலாம். அதன்பின் நூல் மக்களின் பொதுச்சொத்து. கல்வியை ஊக்குவதே அச்சட்டத்தின் நோக்கம்.

1998இல் இயற்றப்பட்ட சட்டமோ ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டுகள் என்றும், நிறுவனங்கள் வெளியிட்ட படைப்புகளுக்கு 95 ஆண்டுகள் என்றும் காலத்தை நீட்டிற்று. இதற்காக முனைந்து நின்றவற்றுள் வால்ட் டிஸ்னி நிறுவனமும் ஒன்று. 1928இல் வெளிவந்த அதன் மிக்கி எலிப் படம் 2003 முடிவில் பொதுவுடைமையாகியிருக்க வேண்டும். 2023 முடிவுவரை தள்ளிப்போயிற்று. அதனோடு, 1923இல் வெளியான நூல்களும் 2019 பிறக்கும்வரை காத்துக் கிடந்தன.

படைப்போரை ஊக்கவே இந்நீட்டிப்பு என்பர். மறைந்தோரை ஊக்கிப் படைக்கச் செய்வது எங்ஙனம்? வால்ட் டிஸ்னி 1966இலேயே காலமானவர் அன்றோ! 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நடுவர்களுள் எழுவர் ஏற்க, இருவர் மறுக்க, சட்டம் நிலைபெற்றது. ஆயினும் சட்டப்படி செல்லும் என்பது வேறு, நியாயம் என்பது வேறு.

அலாவுத்தீனின் அற்புத விளக்கை நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். 'அல்ஃபு லைலா வ லைலா'வின் பழைய அரபுச் சுவடிகளில் அக்கதை இல்லை. சிரியாவின் ஹலப் நகரத்துக் கிறித்தவரான ஹன்னா தியாப், 1709இல் பாரிஸ் மாநகரில் அந்துவான் காலானுக்கு வாய்மொழியாகச் சொன்னது அது. காலான் அதனைப் பிரெஞ்சு மொழியில் விரித்தெழுதி 1712இல் வெளியிட்டார். சொன்னவர் பெயரை நூலில் குறித்தாரில்லை.

1992இல் டிஸ்னி நிறுவனம் அக்கதையைப் படமாக்கிப் பெரும்பொருள் ஈட்டிற்று. எவரிடமும் இசைவு பெற வேண்டியிருக்கவில்லை, கதை பொதுச்சொத்து. ஆனால் அப்படத்தில் அந்நிறுவனம் புதிதாகச் சேர்த்தவை 2087 முடிவுவரை அதற்கே உரியவை. தன் விளைச்சலைக் காப்பது குற்றமன்று. பொதுக் களஞ்சியத்தில் வித்தெடுத்தவர், அறுவடைக்குப் பின் ஒரு மரக்காலேனும் திருப்பி அளக்காமல் மூன்று தலைமுறை கடத்துவதே குற்றம்.

ஆசிரியரின் வாழ்நாளும், அவர்தம் பிள்ளைகள் தலையெடுக்கும் வரையிலான சில ஆண்டுகளும் போதும் என்பது நம் கருத்து. அதற்கு மேல் நீட்டுவோர், இனிக் கதை சொல்ல வரும் ஹன்னா தியாப்களுக்கு என்ன மிச்சம் வைத்துள்ளனர் என்பதை முதலிற் கூறட்டும்.