பழையபடியே ஓட வேண்டும்
டெல்லியில் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் 1964இல் தொடங்கிய பழங்கார் பேரணி என்றாலே என் கண் தேடுவது தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டியைத்தான். 1914இல் இங்கிலாந்தில் செய்தது. காற்றடைக்காத கெட்டி ரப்பர் டயரில் இன்னும் உருளும்.

பழங்கார்ப் பிரியர்களின் கைவேலை தனி அழகு. கார்புரேட்டரைப் பிரித்து, கழுவி, ஜெட்டின் ஊசித்துளையை ஊதியே சுத்தம் செய்வார்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல் கூடிவிடும். காஷ்மீரி கேட் கடைகளில் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தெடுப்பார்கள்.

50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 2021 விதிகள் ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவெண் தருகின்றன. புது எஞ்சின், அகல டயர் மாட்டுவதும் ரசனைதான். ஆனாலும், பழையதைப் பழையபடியே ஓடவைக்கும் பொறுமைக்கே என் ஓட்டு.