உங்கள் கையில் இருக்கும் ‘திருவிளையாடல்’ எந்தப் பதிப்பு?

ஆசிரியர்களே, தருமியும் நக்கீரரும் மோதும் காட்சியை வகுப்பில் ஒரு தடவையாவது போட்டுக் காட்டியிருப்பீர்கள். மாணவர்களே, நீங்களும் கைப்பேசியில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். சரி, படத்தை முழுசாப் பார்த்திருக்கீங்களா? முழுசு என்று நினைத்துப் பார்த்தது உண்மையிலேயே முழுசுதானா?

ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ 1965இல் வந்தது. அதில் தருமி கதை ஒரு கிளைதான். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனுக்குத் தாய் சொல்லும் நான்கு கதைகளில் அது முதலாவது. கோபத்தைத் தணிக்கச் சொன்ன கதை என்ற சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான், இறைவனே குற்றம் செய்தாலும் குற்றம்தான் என்று ஒரு புலவன் நிற்கும் காட்சிக்கு முழு எடை கிடைக்கும். பத்து நிமிடத் துண்டாகப் பார்த்தால் நகைச்சுவை மட்டும் மிஞ்சும். நாகேஷ் இருப்பதால் அதுவே போதும் என்று தோன்றும், அதுதான் ஆபத்து.

இதைவிடப் பெரிய சேதம் பாணபத்திரர் பகுதியில் நடக்கிறது. இசைச் செருக்கோடு வரும் ஹேமநாதர் பாண்டியன் சபையில் பாடுகிறார். பாலையா வாயசைக்க, குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. இவருக்கு எதிராகப் பாடு என்று அரசன் கட்டளையிட்டதும் பாணபத்திரர் கலங்கிக் கோயிலில் பாடுகிறார். அந்த வேடமும் குரலும் டி.ஆர். மகாலிங்கம். பிறகு விறகு விற்பவனாக வரும் சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன். இசை மூன்றுக்கும் கே.வி. மகாதேவன்.

இந்த மூன்று பாட்டும் இடையில் செருகிய பாட்டு இல்லை. மூன்றும் சாட்சிகள். முதல் பாட்டைக் கேட்டால்தான் ஹேமநாதரின் கர்வத்துக்குக் காரணம் இருக்கு என்று புரியும். இரண்டாவதைக் கேட்டால்தான் பாணபத்திரரும் லேசுப்பட்டவர் இல்லை, பயந்தாலும் பெரிய பாடகர் என்று தெரியும். மூன்றாவதைக் கேட்டால்தான், பாணபத்திரர் ஒதுக்கிய ஆளே இப்படிப் பாடுகிறானே என்று ஹேமநாதர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போவது நம்பும்படி இருக்கும். பாட்டை வெட்டிய பதிப்பில் பார்த்த பிள்ளை, “பாணபத்திரர் திறமையற்றவர், ஹேமநாதர் வெறும் வாய்ச்சவடால்” என்றுதான் பாத்திரப் படைப்பு எழுதும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அது பார்த்த பிரதி அப்படி.

ஏன் வெட்டுறாங்க? கதைக்காக இல்லை, இடத்துக்காக. ஒரு விசிடி தட்டில் 74 நிமிடம் அடங்கும், இழுத்துப் பிடித்தால் 80. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் பழைய படத்தை இரண்டே தட்டில் அடைக்க நினைத்தவன் கை முதலில் போவது பாட்டின் மேல்தான். ஜாசின், அலோர் காஜா இரவுச் சந்தைகளில் அந்தக் காலத்தில் தட்டு வாங்கியவர்களுக்கு, பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் காட்சி சட்டென்று குதிப்பது பழகிப்போன விஷயம். தணிக்கைக்காவது 2002ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது. தட்டு வியாபாரியின் கத்திரிக்கு உறையில் ஒரு வரிக் குறிப்புகூடக் கிடையாது.

இது நம்மவர்கள் மட்டும் செய்வதில்லை. ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ என்ற அமெரிக்கத் தொடர் (1978–82) ஒரு வானொலி நிலையத்தைப் பற்றியது. பாட்டுகளின் உரிமத்துக்குச் செலவு அதிகம் என்பதால், 2007இல் டிவிடி வந்தபோது பல பாட்டுகளை மாற்றிவிட்டார்கள். வானொலி நிலையக் கதையில் பாட்டை மாற்றினால் என்ன மிஞ்சும்? 2014இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பச் சேர்த்தது. 2021இல் ‘சைன்ஃபெல்ட்’ தொடரை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியதில், சாலைப் பள்ளத்தைப் பற்றிய ஒரு பகுதியில் அந்தப் பள்ளமே திரைக்கு வெளியே போய்விட்டது! நம் கறுப்பு வெள்ளைப் படங்களை அகலத் தொலைக்காட்சி முழுக்க நிரப்பிப் பார்க்கும்போதும் இதே கதைதான். விரித்தால் முகம் உப்பும்; வெட்டினால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போகும்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘ஸ்டார் டிரெக்’ பழைய தொடருக்கு 2006இல் புதிய தந்திரக் காட்சிகள் செய்தார்கள். 2009இல் வந்த புளூரேயில் பழையதா புதியதா என்று பார்ப்பவரே தேர்ந்தெடுக்கலாம். இதுதான் நேர்மை.

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் பல ஏடுகளைத் தேடிச் சேர்த்து, வரிக்கு வரி ஒப்பிட்டார். கையில் கிடைத்த முதல் ஏட்டையே நூல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பாட வேறுபாடு பார்க்கும் அந்தப் பழக்கம் திரைப்படத்துக்கும் வேண்டும். நமக்கு இன்னொரு ஏடும் இருக்கிறது, நம் வீட்டுப் பெரியவர்கள். தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டியபோது பாய் விரித்துப் பார்த்தவர்கள், லயத்தில் வீடியோ வைத்திருந்த ஒரே வீட்டு வாசலில் கூடியவர்கள். பாட்டி ஒரு காட்சியைச் சொல்லி, அது உங்கள் தட்டில் இல்லை என்றால், “அப்படி ஒண்ணும் இல்லே பாட்டி” என்று வாயை அடைக்காதீர்கள். இன்னொரு பிரதியைத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நிமிடக் கணக்கை மட்டும் நம்பி, வெட்டிவிட்டான் என்று கூவிவிடக் கூடாது. திரையரங்கில் நொடிக்கு 24 பிரேம். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையில் 25. அந்த வேகத்தில் ஏற்றிய 150 நிமிடப் படம், ஒரு காட்சிகூடப் போகாமலே, 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் இம்மி ஏறிக் கேட்கும்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் மாணவர்கள் கட்டுரையில் படத்தை எடுத்துக்காட்டும்போது ஆண்டும் இயக்குநர் பெயரும் எழுதுங்கள். துண்டுக் காட்சி மட்டும் பார்த்திருந்தால் அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். “இப்படம் முழுவதும்” என்று தொடங்க வேண்டாம். ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: பாணபத்திரர் பகுதியை ஒரு குழுவுக்குப் பாட்டோடும், இன்னொரு குழுவுக்குப் பாட்டைத் தாண்டியும் காட்டுங்கள். இரு குழுவும் ஹேமநாதரைப் பற்றி ஒரு பத்தி எழுதட்டும். இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டு, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அந்தப் படலத்தை வாசிக்கத் தொடங்கலாம்.