ரக்‌ஷக் (இசைத்தொகுப்பு)

ரக்‌ஷக், புதுதில்லியைச் சேர்ந்த பிளட்டிவுட் என்ற மெட்டல் இசைக்குழுவின் சொந்தப் பாடல்கள் அடங்கிய முதல் தொகுப்பு. பிப்ரவரி 18, 2022 அன்று வெளியானது. இந்தி, பஞ்சாபி, ஆங்கில வரிகள் கலந்த பத்துப் பாடல்கள் கொண்டது. ரக்‌ஷக் என்ற சொல்லுக்குக் காப்பவன் என்று பொருள்.

பின்னணி

2016இல் கரண் கட்டியார், ஜயந்த் பதூலா இருவரும் இக்குழுவைத் தொடங்கினர். புகழ்பெற்ற பாடல்களை மெட்டலாக மாற்றிப் பகடி செய்வதே தொடக்ககாலப் பணி. கரண் கிட்டாரும் புல்லாங்குழலும் வாசித்து இசையமைக்கிறார், ஜயந்த் பாடுகிறார். பின்னர் ராப் பாடகர் ரவுல் கெர் இணைந்தார். 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் குழு பங்கேற்றது.

முன்னோடிகள்

இத்தொகுப்பில் கேட்கும் எதுவும் முற்றிலும் புதிதல்ல. உறுமல் குரலும், வேகம் சட்டென்று தளர்ந்து கனத்த அடிகளாக இறங்கும் பகுதியும் மெட்டல்கோர் இசையின் இலக்கணம். ராப்பும் கிட்டாரும் இணைவது 1992இல் ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின், 2000இல் லிங்கின் பார்க் ஆகிய குழுக்களின் முதல் தொகுப்புகளிலேயே நிலைபெற்றுவிட்டது. நாட்டார் தாளத்தை மெட்டலோடு இணைப்பதைப் பிரேசிலின் செபுல்டுரா 1996இல் ரூட்ஸ் தொகுப்பில் செய்துகாட்டியது. இந்திய மரபை மெட்டலுக்குள் கொண்டுவந்ததில் 1992இல் தொடங்கிய சிங்கப்பூரின் ருத்ரா குழு முன்னோடி. பிளட்டிவுட் தன் கடனை மறைக்கவில்லை. தங்கள் ஐரோப்பியப் பயண ஆவணப்படத்துக்கு ராஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின் என்றே பெயரிட்டனர்.

செய்நேர்த்தி

பிறர் வகுத்த வழியில் நடந்தாலும் நடையில் தடுமாற்றம் இல்லை. டோல் இங்கே ஒட்டுவேலையாக நிற்கவில்லை. டிரம்ஸின் அடியோடு பின்னி, கிட்டாரின் கனத்தைத் தாங்குகிறது. ஜீ வீரே பாடலில் வழக்கமாகக் கிட்டார் தனியாவர்த்தனம் வரும் இடத்தின் உணர்ச்சியைப் புல்லாங்குழல் ஏற்கிறது. அப்பாடல் மனச்சோர்வோடு போராடுபவர்களுக்கானது. அதை வெளியிட்டபோது இலவச உளவியல் ஆலோசனைக்கும் குழு ஏற்பாடு செய்தது. கத்தார் மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைச் சாடுகிறது. எண்டுரன்ட் பிறரின் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளானவர்களுக்குத் துணைநிற்கிறது.

குறைகள்

சில பாடல்கள் முன்பே தனித்தனியாக வெளியானவை. தனியே கேட்கும்போது வலுவாக இருக்கும் அமைப்பு, வரிசையாகக் கேட்கும்போது அலுக்கிறது. உறுமல், ராப், பல்லவி, கனத்த அடி என்ற ஒழுங்கு அடிக்கடி திரும்புகிறது. ஆங்கில ராப் வரிகள் சில இடங்களில் மேடைப் பேச்சாகின்றன. பாலியல் வன்முறையைக் கண்டிக்கும் தனா தன் பாடலில், சினம் பழிவாங்கும் வெறியோடு நின்றுவிடுகிறது. பாதிக்கப்பட்டவரின் குரல் அதில் போதிய அளவு எழவில்லை.

மதிப்பீடு

நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கிறது. முன்னோர் முடிவை ஏற்றுத் தன் வேறுபாட்டையும் சேர்ப்பது வழிநூல். அது இழிவான இடமல்ல; மரபு தொடர்வதே அதனால்தான். ரக்‌ஷக் அவ்வகையில் ஒரு நல்ல வழிநூல். நகலெடுத்தது என்று தள்ளுவோர் அதன் பயிற்சியைக் காணத் தவறுகின்றனர். புதுமை என்று கொண்டாடுவோர் அதன் முன்னோரை மறக்கின்றனர்.

நெய்வேலி போன்ற நகரியங்களில் கிட்டார் பழகும் மாணவர்களுக்கு இத்தொகுப்பு ஒரு பாடம். சுற்றியுள்ள கடலூர் மாவட்டக் கிராமங்களில் பறை உண்டு. தெருக்கூத்தில் முகவீணை உண்டு. அவற்றை மெட்டலின் மேல் அலங்காரமாக ஏற்றினால் போதாது. டோல் இங்கே பாடலின் எலும்பாக ஆனதுபோல அவையும் ஆக வேண்டும். அதற்கு, கேட்ட பாடலைப் பிழையின்றி வாசிக்கப் பழகுவதே முதல் படி. பிளட்டிவுட் அந்தப் படியை நன்றாக ஏறிய குழு.